மோதலுக்குப் பின் இடது ஹெட்லைட் மங்கல்: ஒயரிங் குறித்து ஆலோசனை தேவை

எனது 2015ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் காரின் முன்பக்க இடது மூலை, இரண்டு மாதங்களுக்கு முன் திண்டிவனம் அருகே ஒரு டிராக்டர் டிரெய்லரில் மோதி நசுங்கியது. டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வண்டி வந்த நாள் முதல் இடது ஹெட்லைட் மங்கலாகவே எரிகிறது; இடது இண்டிகேட்டரைப் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது.

பல்பு, ஃபியூஸ், ரிலே மூன்றையும் மாற்றிவிட்டேன். பல்பைக் கழற்றிய நிலையில் சாக்கெட்டில் 12.4 வோல்ட் காட்டும் மல்டிமீட்டர், பல்பு எரியும்போது 9 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. எர்த் ஒயரை வண்டியின் உடலோடு இணைக்கும் போல்ட்டின் அடியில் படிந்திருந்த புது பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கியதில் துடிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. பம்பருக்குப் பின்னால் ஒயர்களை முறுக்கி, டேப் மட்டும் சுற்றியிருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. குடும்பத்துடன் இரவில் புறப்படவே அச்சமாக இருக்கிறது.

பழுதான பகுதியை மட்டும் வெட்டி, அதே தடிமனுள்ள ஒயரை இணைத்தால் போதுமா, அல்லது முன்பக்க ஒயரிங் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?