தாத்தாவின் தகரப் பெட்டியில் 21 பழங்காசுகள்: புளி போட்டுத் துலக்கியது தவறா?

குளித்தலைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் தந்தை கரூரில் நெடுங்காலம் பாத்திரக் கடை நடத்தியவர். பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்குப் போட வருபவர்களின் மூட்டையில் காசு ஏதேனும் கிடந்தால், அதை உருக்குவதற்கு அனுப்பாமல் தனியே எடுத்து வைப்பது அவருடைய வழக்கம். அவர் மறைந்த பின், பரண்மேல் இருந்த தகரப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் மொத்தம் 21 காசுகள் இருக்கின்றன. மனித உருவம் ஒன்று நிற்கும் வட்டச் செப்புக் காசுகள் 14, யானை போல ஏதோ தெரியும் சிறிய சதுரச் செப்புக் காசுகள் 3, சிங்கங்கள் தாங்கும் கேடயமும் 1808 என்ற ஆண்டும் கொண்ட பெரிய செப்புக் காசுகள் 2, விக்டோரியா அரசியின் 1862ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் 1. இவை தவிர, ராமர் பட்டாபிஷேகக் காட்சியும் மறுபக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் உள்ள கனத்த காசு 1.

ஆர்வ மிகுதியால், மனித உருவம் உள்ளவற்றில் நான்கைப் புளியும் உப்பும் போட்டுத் துலக்கிவிட்டேன். குத்துவிளக்கைப் போலப் பளபளக்கின்றன. ஆனால் உருவத்தின் ஓரத்தில் முன்பு தெரிந்த கோடுகள் இப்போது தெரியவில்லை. மீதியையும் துலக்கலாமா? யூடியூபில் ராமர் காசுக்குப் பல லட்சம் கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா? இவற்றை வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் உண்டா? விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. இவற்றைத் தொடக்கமாகக் கொண்டு முறையாகச் சேகரிக்க விரும்புகிறேன்.

செப்புக்களிம்பு (மறுமொழி)

முதலில் புளியைக் கீழே வையுங்கள். செம்பின்மேல் பல நூற்றாண்டுகளாகப் படிந்து இறுகிய கரும்பச்சைப் படலம் அழுக்கு அன்று. அதுவே காசுக்குக் கவசம். தேய்ந்த காசுகளில் எழுத்தின் கடைசிச் சுவடு பல நேரங்களில் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கும். அமிலம் படலத்தைக் கரைக்கும்போது சுவடும் சேர்ந்து போய்விடுகிறது. உங்கள் நான்கு காசுகளில் மறைந்த கோடுகள் இனித் திரும்பா. பத்துக் காசுகளாவது தப்பியதே என்று ஆறுதல் கொள்ளுங்கள்; நானும் தொடக்கத்தில் எலுமிச்சையால் இதே பாவத்தைச் செய்தவன்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இறுகிய பச்சைக்குப் பதிலாக, விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூள் பொரிந்து வந்தால், அது காசை உள்ளிருந்து அரிக்கும் உப்பின் வேலை. அத்தகைய காசைத் தனியே பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, பல வாரங்கள் கழித்து நன்கு உலர்த்தி எடுங்கள். மற்றவற்றுக்கு மென்மையான உலர்ந்த தூரிகையே போதும். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறைகளில் எதையும் போட்டு வைக்காதீர்கள். நாளடைவில் அவை கசியும் பொருள் செம்பையும் வெள்ளியையும் பிசுபிசுப்பாக்கிக் கெடுத்துவிடும்.

நின்ற மனிதர் காசு பெரும்பாலும் ராஜராஜன் காசாகவே இருக்கும். ஒரு பக்கம் அரசன் நிற்பான். மறுபக்கம் ஓர் உருவம் அமர்ந்திருக்க, அதன் கையை ஒட்டி நாகரி எழுத்தில் 'ஸ்ரீராஜராஜ' என்று மேலும் கீழுமாக அடுக்கி எழுதியிருக்கும். எடை ஏறத்தாழ 4 கிராம் வரும். விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். நிழல் விழும்போது எழுத்து எழுந்து நிற்கும். சோழர் செப்புக் காசுகளில் மிகப் பரவலாகக் கிடைப்பது இதுவே என்பதால் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடநூலும் இல்லை.

1808 காசுகள் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்த சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அடிக்கப்பட்ட 20 காசு நாணயங்கள். மறுபக்கத்துப் பாரசீக வாசகம் 'இருபது காசு நான்கு ஃபலூஸ்' என்று, ஃபலூஸ் என்ற செப்புக் காசில் கணக்குச் சொல்கிறது. இவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அங்கிருந்து பெருந்தொகையான காசுகள் எடுக்கப்பட்டன. உங்களுடையவை புழங்கித் தேய்ந்திருந்தால், கடலில் கிடக்காமல் சந்தையில் கைமாறியவை என்று கொள்ளலாம்.

வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம் இருக்க வேண்டும். 1862 என்ற ஆண்டையே 1874 வரை மாற்றாமல் அடித்து வந்தார்கள் என்பதால், அதில் உள்ள ஆண்டு அது பிறந்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

ராமர் காசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது நாணயமே அன்று. கம்பெனி தன் காசுகளில் தெய்வ உருவம் பொறித்ததில்லை. அதை எவரேனும் லட்சங்களுக்குக் கேட்டால், முன்பணமாக உங்களிடமிருந்து எதையோ கறக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

ஓய்வுபெற்ற தாசில்தார் (மறுமொழி)

முந்தைய நண்பரின் முடிவு சரி. அவர் சொன்ன காரணம் சரியன்று. கம்பெனி சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் என்ற பொற்காசில் திருமாலின் உருவம் இருக்கிறது. தேவியர் இருவருடன் பெருமாள் நிற்கும் மூன்று சாமி வராகனும் உண்டு. தென்னாட்டு வணிகர்கள் விஜயநகர வராகனுக்குப் பழகியிருந்ததால், கம்பெனியும் அந்த மரபையே பின்பற்றியது. ஆகவே தெய்வ உருவம் இருப்பதால் மட்டும் ஒரு காசு போலியாகிவிடாது. 1818 ராமர் காசு போலி என்பதற்குக் காரணம், அப்படியொரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை என்பதுதான். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ராமடங்கா வில்லைகள் வழிபாட்டுக்கென்று தனியே இருந்தன. அந்தப் படத்தோடு கம்பெனியின் பெயரை ஒட்டிப் பிற்காலத்தில் செய்து விற்கப்படுபவை இவை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்றெல்லாம் சொல்லி 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் ஏமாற்றுவதும் பெரும்பாலும் இவற்றைக் காட்டித்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டை அறிந்திருங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாக இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயங்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது; வணிகமாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டு உறவினருக்கு அன்பளிப்பாகக் கூடத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். ஆற்றங்கரையில் புதிதாகக் கிடைத்தவை என்று சொல்லி விற்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. எதை வாங்கினாலும் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

வல்லிபுரத்தான் (மறுமொழி)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், ஐயா. நின்ற மனிதர் காசு என்றவுடன் பதினான்கையும் ராஜராஜன் கணக்கில் எழுதிவிட வேண்டாம். அந்த அமைப்பையே இலங்கை அரசர்களும் எடுத்தாண்டார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி ஆகியோரின் காசுகளிலும் நிற்பதும் இருப்பதும் அதே கோலந்தான். பெயர் மட்டுமே மாறும். பெயரைப் படிக்காமல் இரண்டையும் பிரித்தறிவது கடினம். யாழ்ப்பாணத்தை ஆண்ட எங்கள் ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளில் காளையும், தமிழ் எழுத்தில் 'சேது' என்ற சொல்லும் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு உங்கள் சதுரக் காசுகள் மூன்றின்மேல்தான் கண். கரூர் சேரரின் தலைநகர் என்பதையும், அமராவதி ஆற்று மணலில் சங்க காலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருப்பதையும் நினைத்துப் பாருங்கள். யானையின் மறுபக்கத்தில் வில்லும் அம்பும் இருந்தால் சேரர் காசாகலாம். கோடுகளால் ஆன மீன் வடிவம் இருந்தால் பாண்டியர் காசாகலாம். சங்க அரசர்களுக்கு நாணயமே இல்லை என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பாண்டியன் பெயர் பொறித்த சதுரச் செப்புக் காசைப் படித்து வெளியிட்ட பிறகு அந்தக் கருத்து நிற்கவில்லை. அதுபோன்ற காசில் எழுத்து, நெல்மணி அளவுகூட இராது. அதைப் புளியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித உறை வையுங்கள். எடை, அளவு ஆகியவற்றோடு, எங்கே, யாரிடமிருந்து வந்தது என்பதையும் உறையின்மேல் எழுதுங்கள். ஊர் தெரியாத காசு பாதிச் செய்தியை இழந்துவிடுகிறது. தாத்தா ஏதேனும் குறிப்பு வைத்திருந்தாரா என்று தேடிப் பாருங்கள்.

செப்புக்களிம்பு (மறுமொழி)

தாசில்தார் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். வராகனை மறந்து எழுதியது என் பிழை.

குளித்தலைக்காரன் (மறுமொழி)

மூவருக்கும் நன்றி. நகைத் தராசில் எடை பார்த்தேன். ரூபாய் 11.5 கிராம், 20 காசுகள் இரண்டும் நன்றாகத் தேய்ந்து 9 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன. துலக்காத பத்தில் ஆறில் 'ராஜ' என்பது தெளிவாகத் தெரிகிறது. மூன்றில் எதுவும் தெரியவில்லை. எஞ்சிய ஒன்றில் எழுத்து வேறு மாதிரி, நெருக்கமாக இருக்கிறது. நாளை படம் எடுத்து இடுகிறேன்.

சதுரக் காசு ஒன்றின் பின்பக்கத்தில் வளைந்த கோடும் அதை ஊடறுக்கும் நேர்க்கோடும் தெரிகின்றன. வில்லும் அம்பும்தானா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

தாத்தாவின் குறிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு காசையும் அவர் கடைப் பேரேட்டின் கிழிந்த தாளில் பொட்டலமாக மடித்து வைத்திருந்தார். துலக்குவதற்காகப் பிரித்த அன்று, நான்கு பொட்டலத் தாள்களையும் குப்பையில் போட்டுவிட்டேன். நேற்றுச் சதுரக் காசின் தாளைப் பிரித்துப் பார்த்தபோது, அதன் உட்பக்கத்தில் பென்சிலால் 'திருமுக்கூடலூர், ஆத்து மணல், முக்கால் கிலோ செம்போடு' என்று எழுதியிருந்தது. மீதி தாள்களை இனித்தான் பிரிக்க வேண்டும்.