பாட்டி ஊர் கிட்டவாம், பள்ளிக்கூடம்தான் தூரமாம்!

கேள்வி:
மகளுக்கு ஆறு வயசு. பள்ளி 4 கி.மீ., பாட்டி ஊர் 400 கி.மீ. எது தூரம்னு கேட்டா, யோசிக்காம "பள்ளிக்கூடம்" என்கிறாள். காலை நெரிசலில் வேனில் முக்கால் மணி நேரம் போகணுமே! பாட்டி ஊருக்கு ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தா, விடியும்போது ஊர் வந்துடும். தூங்கின தூரமெல்லாம் அவள் கணக்கில் சேராது. போனில் வரைபடத்தைக் காட்டினேன். ரெண்டு விரலால் சுருக்கிவிட்டு, "பாட்டி வீடு பக்கத்துல வந்துடுச்சு" என்கிறாள். நகரம் முடியிற இடத்துல சுவர் இருக்குமான்னு வேற கேட்கிறாள். எப்படிங்க புரியவைக்கிறது?

பதில் 1:
நாமே "பத்து நிமிஷ தூரம்"னுதானே சொல்றோம், அவளை மட்டும் குறை சொல்லலாமா? ரெண்டு பொம்மையைத் தள்ளித் தள்ளி வெச்சு, தூரமா கிட்டவான்னு கேளுங்க. அப்புறம் நடுவுல ஒரு தடிமனான புத்தகத்தை நிறுத்தி, மறுபடி கேளுங்க. பொம்மை நகரலைன்னாலும், சின்னப் பிள்ளைகள் பலர் தூரம் குறைஞ்சுடுச்சும்பாங்க. சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜேயும் அவர் குழுவும் 1948-லேயே இதை எழுதியிருக்காங்க.

பதில் 2:
வளர்ந்தா தானா சரியாயிடும். விடுங்க.

பதில் 3:
வரைபடத்தை மூடிட்டுக் காலால அளக்க விடுங்க. என் பையனைச் சாலையோரத்துல ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனேன். நின்னு நின்னு இருபது நிமிஷம். அப்புறம் பஸ்ஸில் போகும்போது கல்லை எண்ணினான். மணிக்கு 60 கி.மீ. வேகத்துல நிமிஷத்துக்கு ஒரு கல். "நாம நடந்த அவ்வளவு தூரமும் இவ்வளவுதானா?"ன்னு வாயைப் பிளந்தான்.

கேள்வி கேட்டவர்:
ரெண்டும் செஞ்சாச்சு. "புத்தகம் இடத்தைப் புடிச்சுக்கிச்சுல்ல, அதான் கிட்ட" என்றாள்! ஞாயிற்றுக்கிழமை ஒரு கல் நடந்தோம், பாதியிலேயே தூக்கச் சொன்னாள். பாட்டி ஊருக்கு இதுமாதிரி 400 கல் என்றதும் நின்னுட்டாள். தினம் அஞ்சு மணி நேரம் நடந்தாலும் 27 நாள் ஆகும்னு கணக்குப் போட்டுச் சொன்னேன். "அந்த நடு இடத்துல யாரு இருப்பாங்க?" என்கிறாள். இந்த முறை பகல் ரயில், ஜன்னலோர சீட்டு பதிவு பண்ணியாச்சு.