அம்மானுக்கு பைபோலார், தம்பிக்குக் கல்யாணப் பேச்சு: 'எபிஜெனெடிக்' ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

வளவுவீட்டுப்பெண்:
காரைக்குடிப் பக்கம்தான் எங்களுக்கு. அம்மானுக்கு இருபது வருடமாக பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார், கடைக்கணக்கெல்லாம் அவர்தான் பார்க்கிறார். குடும்ப வாட்ஸப்பில் யாரோ ஒரு செய்தி போட்டுவிட்டார்கள்: இந்த நோய் உள்ளவர்களின் மூளை செல்லில் எபிஜெனெடிக் மாற்றம் இருக்கிறதாம், தாய் கர்ப்பத்தில் பட்ட கவலையால் வருவதாம். அதைக் கேட்டதிலிருந்து ஆயா சரியாகச் சாப்பிடவில்லை. "அவன் வயித்துல இருந்தப்பதான் மலாயாக் கடை நொடிச்சுப் போச்சு, நான் அழுத அழுகைதான் இது" என்று ஒரே புலம்பல். இதற்கு நடுவில், தம்பிக்கும் இது வருமா என்று ரத்தத்திலேயே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு லேப்காரர் அவனுக்கு வலை வீசுகிறார். எடுக்கலாமா?

பழைய_அழகப்பா_மாணவன்:
எடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

நம் செட்டிநாட்டு வளவு வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை இருக்கும் இல்லையா, வீடு ஒன்றுதான், ஆனால் எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பது வேறு. செல்லும் அப்படித்தான். ஈரல் செல்லிலும் மூளை செல்லிலும் ஒரே டிஎன்ஏ, பூட்டுகள் மட்டும் வேறு. டிஎன்ஏ மேல் உட்காரும் மெத்தில் என்ற சின்ன ரசாயன ஒட்டு அப்படி ஒரு பூட்டு, இந்தப் பூட்டு மாற்றங்களைத்தான் எபிஜெனெடிக் என்கிறார்கள். அதனால் ரத்த செல்லைப் பார்த்து மூளை செல்லின் நிலையைச் சொல்வது, முகப்பில் நின்றுகொண்டு இரண்டாங்கட்டுக் குதிரில் எத்தனை மூட்டை நெல் என்று சொல்கிற மாதிரி.

மூளை செல் சங்கதி பொய்யில்லை. 2019இல் அமெரிக்காவின் வான் ஆண்டல் நிறுவனத்தார், இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைகளின் முன்பகுதியிலிருந்து நரம்பு செல்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்கிசோஃப்ரினியாவும் (மனச்சிதைவு நோய்) பைபோலாரும் இருந்தவர்களுக்கு ஐஜிஎஃப்2 மரபணுவை ஒட்டிய ஒரு சுவிட்சில் மெத்தில் குறைந்திருந்தது, மூளையில் செய்தி கடத்தும் டோபமைனின் தயாரிப்போடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் தெரிந்தது. ஆனால் அது இறந்தபின் எடுத்த ஒரே படம், எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. உயிரோடு இருக்கிற தம்பியின் மூளையிலிருந்து செல் எடுக்கவா போகிறார்கள்?

கர்ப்பக் கதைக்கு 1944-45 டச்சுப் பஞ்சத்தைத்தான் சுற்றி வளைத்து இழுப்பார்கள். அப்போது கருவில் உருவானவர்களுக்கு அறுபது வருடம் கழித்தும் இதே ஐஜிஎஃப்2இல் மெத்தில் குறைந்திருந்தது உண்மை, ஆனால் அது ஊரே பட்டினி கிடந்த கதை. ஆயா அழுததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த நோயில் பரம்பரைப் பங்கு பெரிது, அப்படியும் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை. தம்பியோ அம்மானுக்கு உடன்பிறந்தாள் மகன், பெற்ற பிள்ளையை விடத் தூரம்.

தேவகோட்டை_ரஸ்தா:
எனக்கே பைபோலார், பன்னிரண்டு வருடமாச்சு. ஆச்சி, அந்தப் பணத்துக்கு அம்மானுக்கு லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பாருங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். பழநி பாதயாத்திரையில் தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு, கால் வலிக்கு வழியில் ஐபுபுரோஃபன் வாங்கிப் போட்டேன். மறுநாள் குன்றக்குடிக்காரர் ஒருவர்தான் டீ கிளாஸை என் வாயில் பிடித்தார், கை அவ்வளவு நடுக்கம். அந்த மாத்திரை லித்தியத்தை ஏற்றிவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பழைய_அழகப்பா_மாணவன்:
ஒன்றை விட்டுவிட்டேன். பைபோலாருக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், டிஎன்ஏ சுற்றியிருக்கிற ஹிஸ்டோன் என்ற புரதங்களின் பூட்டைத் தளர்த்தும் என்று 2001இலேயே கண்டார்கள். அந்த வகையில் எபிஜெனெடிக்ஸ் ஏற்கெனவே மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. கர்ப்பமாகக்கூடிய பெண்கள் டாக்டரிடம் பேசாமல் அதைத் தொடரவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வளவுவீட்டுப்பெண்:
நன்றி அண்ணே. ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். பஞ்சம் என்றதும், "கடை போன வருஷமும் நம்ம வீட்டுல மூணு வேளை உலை கொதிச்சுச்சே" என்றார், ராத்திரி இரண்டு இடியாப்பம் சாப்பிட்டார். எனக்கு இப்போது அந்த 12 மணி நேரம்தான் உறுத்துகிறது. அம்மான் எப்போதும் காலை இட்லியையும் மாத்திரையையும் முடித்துக்கொண்டுதான் ரத்தம் கொடுக்கக் கிளம்புவார். போன தடவை லித்தியம் அளவு 1.3 வந்தது, அதிகம் என்று மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.