படிப்பகக் கம்ப்யூட்டர்: லாகின் திரையில் எல்லார் பெயரும் இருக்கலாமா?

வாசகர்_தம்பி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரே கம்ப்யூட்டர். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளம். 4 ஜிபி ரேம். வருகிறவர்களுக்கெல்லாம் கணக்கு போட்டுக் கொடுத்ததில் லாகின் திரையில் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. படிப்பு முடித்து வெளியூர் போனவர்கள் பெயரும் கிடக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே பொதுக் கணக்கு வைத்தால் என்ன?

நெல்லைக்காரி: வேண்டவே வேண்டாம். ஒருவர் ஜிமெயிலை மூடாமல் எழுந்து போனால் அடுத்து உட்காருகிறவர் படிப்பார். டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் ஆதார் நகலையே டவுன்லோட்ஸில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆளுக்கொரு கணக்கு இருக்கட்டும், பட்டியலை மட்டும் மறையுங்கள். லாகின் விண்டோ அமைப்பில் ஒரு பொத்தான்தான்.

கீபோர்டு_கந்தன்: மறைத்தால் யூசர் பெயரையும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். தப்பானால் பெயர் தப்பா பாஸ்வேர்டு தப்பா என்று அது சொல்லாது. பேப்பர் படிக்க வருகிற பெரியவர் தன் படத்தைப் பார்த்துச் சொடுக்கிப் பழகியவர், அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? ஒரே ஊரில் யார் பெயர் யாருக்குத் தெரியாது!

நெல்லைக்காரி: பெயர் தெரிவது வேறு. எட்டாவது படிக்கிற பெண்ணின் படத்தை வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கத் திரையில் வைப்பது வேறு.

கீபோர்டு_கந்தன்: அது நியாயம், படத்தை எடுத்துவிடலாம். ஆனால் தனிக் கணக்கு என்றாலே பூட்டிய அலமாரி என்று நினைக்காதீர்கள். உபுண்டு என்கிற இன்னொரு லினக்ஸில் 21.04 பதிப்பு வரும்வரை, ஒருவரின் கோப்புகள் எல்லாம் இருக்கிற ஹோம் ஃபோல்டரை இன்னொரு கணக்கில் இருப்பவர் திறந்து பார்க்க முடிந்தது. மின்ட் உபுண்டு மேல் கட்டியதுதான். பழைய பதிப்பிலிருந்து அப்படியே அப்டேட் செய்து வந்திருந்தால் அந்த ஃபோல்டர்கள் இன்றும் திறந்துதான் கிடக்கும். முதலில் அதைப் பாருங்கள் தம்பி.

ரூட்டு_ராசா: கெஸ்ட் செஷனை, அதாவது கணக்கே இல்லாமல் உள்ளே நுழைகிற வழியை, ரெண்டு பேருமே மறந்துட்டீங்க. மின்டில் அதே லாகின் விண்டோ அமைப்பில் இருக்கிறது. லாக்-அவுட் செய்ததும் எல்லாம் அழிந்துவிடும். ஹால் டிக்கெட் எடுக்க வருபவருக்கு அது போதும்.

நெல்லைக்காரி: பென்டிரைவ் இல்லாமல் வந்து மாலை முழுக்க பயோடேட்டா டைப் செய்தவருக்கு? அழிந்துபோனால் திட்டு வாங்குவது தம்பிதான்.

ரூட்டு_ராசா: அதனால்தான் தினமும் வருகிறவருக்குக் கணக்கு, எப்போதாவது வருகிறவருக்கு கெஸ்ட் என்கிறேன். பட்டியல் தானாகச் சுருங்கும்.

வாசகர்_தம்பி: சரி. போனவர்கள் கணக்கை நீக்கினால், கோப்புகளை வைத்திருக்கலாமா?

ரூட்டு_ராசா: அவரிடம் கேட்டு பென்டிரைவில் கொடுத்துவிட்டு, கோப்புகளோடு நீக்குங்கள். லினக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயராக அல்ல, எண்ணாகத்தான் குறித்து வைக்கும். கடைசியாகச் சேர்த்தவரை நீக்கிவிட்டுப் புதியவரைச் சேர்த்தால் அதே எண் அவருக்குப் போய், விட்டுவைத்த பழையவரின் கோப்புகளும் அவருடையதாகிவிடும். அப்புறம், ‘யூசரை மாற்று’ கொடுத்துவிட்டுப் போகிறார்களா பாருங்கள். முந்தையவரின் பிரவுசர் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், 4 ஜிபி தாங்காது. லாக்-அவுட் செய்யச் சொல்லுங்கள்.

வாசகர்_தம்பி: அப்படியானால் பொதுக் கணக்கு வேண்டாம், கெஸ்டைத் திறந்துவிடுகிறேன். பட்டியல் இருக்கட்டும், படங்களை எடுத்துவிடுகிறேன். பெரியவருடையதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

நெல்லைக்காரி: பெண் பிள்ளைகளின் முழுப் பெயரையும் எடுங்கள். அவர்களே ஒரு பெயர் சொல்லட்டும்.

கீபோர்டு_கந்தன்: அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பட்டியலை மறைக்காத வரைக்கும்.