அம்மா ஊருக்குப் போகிறார், மகனுக்கு ஆறு மாதம்: வேலையை விடுவதா?

வெள்ளவத்தைப் பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மகனுக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது. பிரசவ லீவு முடிந்து திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற அம்மாதான் பிள்ளையைப் பார்த்தார். ஆனால் அங்கே அப்பா தனிய, சீனி வருத்தம் வேறு, அதனால் வருகிற மாதம் அம்மா போயே ஆகவேண்டும்.

வீட்டுக்குக் கிட்ட ஒரு டே கெயார் பார்த்தோம். இடம் துப்புரவு, பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கிற விதமும் பிடித்தது. ஆனால் ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். எனக்கு ஐந்துக்குத்தான் வேலை முடியும், அப்புறம் லிஃப்டுக்கு நின்று, ஸ்டேஷனுக்கு ஓடி, அந்த நேரத்து ரயிலில் ஏறவே இடமில்லாமல் அடுத்ததைப் பிடித்து வந்து சேர ஆறு தாண்டிவிடும். கணவருக்குக் களனிப் பக்கம் வேலை, வர ஏழு. மாமி "வேலையை விடு, பிள்ளை ஒருக்காத்தான் சின்னப்பிள்ளையாக இருக்கும்" என்கிறார். கணவர் உன் விருப்பம் என்கிறார், அது எனக்கு இன்னும் எரிச்சல். டே கெயாருக்கும் ஓட்டோவுக்கும் போக என் சம்பளத்தில் பாதிதான் மிஞ்சும். இப்படி ஓடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தெகிவளை அக்கா:
தங்கச்சி, உங்கள் பிரச்சினை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் இருக்கிற ஒரு மணித்தியாலம். அதற்காக முழு வேலையையும் விடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்கும் இடைவேளை ஒரு நாளைக்கு இரண்டு தரவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிக்கிற இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். 2018 திருத்தத்தோடு கடை, காரியாலய ஊழியர் சட்டத்திலும் இது வந்துவிட்டது, அப்படியென்றால் உங்களுக்கும் பொருந்தும். எச்.ஆரில் யாரும் தாங்களாக வந்து சொல்லமாட்டார்கள், நாங்கள்தான் கேட்கவேண்டும்.

எங்கள் ஒஃபிஸில் நான் அந்த இரண்டையும் சேர்த்துப் பின்னேரத்தில் எடுத்தேன், மூன்று மணிக்கே வெளிக்கிடலாம். இதை மேலாளரோடு வாயால் கதைத்துவிட்டு விடாமல், கதைத்த கையோடு ஈமெயிலும் போடுங்கள். "நேற்று கதைத்தபடி" என்று தொடங்கினால் போதும், சண்டை மாதிரியும் தெரியாது, பிறகு மேலாளர் மாறினாலும் கையில் ஒன்று இருக்கும். மற்றப் பெண்கள் முகம் சுளிப்பார்கள், அதையும் சொல்லிவைக்கிறேன். எங்களுக்கு இதெல்லாம் கிடைத்ததா என்று கேட்கிற ஒரு ஆள் எல்லா ஒஃபிஸிலும் இருப்பார்.

இரண்டு பிள்ளை அப்பா:
அந்த "உன் விருப்பம்" என்பதைப் பார்த்துத்தான் எழுத வந்தேன். விடியக் கொண்டுபோய் விடுவது ஒருவர், பின்னேரம் எடுப்பது மற்றவர் என்று முதலிலேயே பிரியுங்கள். நான் எட்டு மணி வேலையை ஏழுக்கு மாற்றிக் கேட்டேன், மாற்றித் தந்தார்கள். களனியில் வேலை என்றால் அவரும் ஒருக்கா கேட்டுப் பார்க்கட்டுமே.

இன்னொன்று, நேரத்தை விடப் பெரிய தலையிடி காய்ச்சல்தான். டே கெயாரில் சேர்த்த முதல் மாதங்களில் தடிமன், சளி, வயிற்றோட்டம் என்று மாறி மாறி வரும், காய்ச்சலோடு பிள்ளையை எடுக்கவும் மாட்டார்கள். ஒஃபிஸ் வேலைக்கு வருடத்தில் 14 நாள் லீவு, அதோடு கெஷுவல் 7 நாள். இதை ஒருவருடைய கணக்கிலிருந்து மட்டும் வெட்டினால் ஆறு மாதத்தில் முடிந்துபோகும். எங்கள் வீட்டில் முதல் நாள் காய்ச்சலுக்கு நான், இரண்டாம் நாளுக்கு மனைவி. அதுவும் முடியாத நாளுக்கு மேல்மாடி ஆன்ரி ஒருவர். அப்படி ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள்.

கொட்டாஞ்சேனை:
நான் வேறு மாதிரிச் சொல்கிறேன், எல்லாரும் பாயவேண்டாம். நான் வேலையை விட்டேன். இப்போது வீட்டிலிருந்து இரண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். உங்களுக்கும் கணக்குத் தெரியும், அதுவும் ஒரு வழி. வருமானம் குறைவு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, ஆனால் வீட்டில் கத்தல் இல்லை.

தெகிவளை அக்கா:
கொட்டாஞ்சேனை, உங்களுக்குச் சரிவந்தது நல்லது. ஆனால் ஈ.பி.எஃப். என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டீர்கள். தங்கச்சியின் சம்பளத்திலிருந்து போகிற 8 வீதத்துக்கு மேல் கம்பனி 12 வீதம் போடுகிறது, ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் வேறு. பாதிச் சம்பளம்தான் மிஞ்சும் என்ற கணக்கில் இதெல்லாம் இல்லை. டே கெயார் காசைப் பிள்ளையின் அம்மாவுடைய சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழிக்கிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வெள்ளவத்தைப் பொண்ணு:
அக்கா, இந்த இடைவேளை விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. திங்கட்கிழமை கேட்கிறேன். அண்ணா எழுதியதைக் கணவருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை 😄 இன்னொரு கேள்வி: பாலை எடுத்து வைத்தால் இந்த வெக்கையில் எவ்வளவு நேரம் தாங்கும்? டே கெயாரில் பிரிட்ஜ் இருக்கிறது.

தெகிவளை அக்கா:
வெளியே நாலு மணித்தியாலம் என்று சொல்வது 25 பாகைக்கு. கொழும்பு அதைவிடச் சூடு, அதனால் அதை நம்பவேண்டாம். எடுத்த உடனே பிரிட்ஜில் உள்பக்கமாக வையுங்கள், கதவில் வைக்கவேண்டாம். அங்கே நாலு நாள் வரை இருக்கும். கொண்டுபோகும்போது ஐஸ் பெக் வைத்த பை. போத்தலில் திகதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள், மகனின் பெயரும் எழுதுங்கள், அங்கே ஒரே மாதிரிப் போத்தல் நிறைய இருக்கும். சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். பிள்ளை குடித்து மிச்சம் விட்டதை இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காவிட்டால் ஊற்றிவிடவேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.