கான்சாகிப்: தூக்கிலிடப்பட்ட தளபதி உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டார்? (அனுபவப் பகிர்வு)

காளவாசல்காரன்:

மதுரை காளவாசலில் பஸ் மாறிப் போகிறவர்களுக்கு கான்சாகிப் பள்ளிவாசலை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சம்மட்டிபுரத்தில் தேனி சாலையை ஒட்டிய சின்னக் கட்டடம். மருதநாயகம், யூசுப் கான் என்றெல்லாம் சொல்லப்படும் கான்சாகிப் அடங்கியிருக்கும் இடம். வேலைக்குப் போகும் வழி அது. ஆனாலும் போன ஆடியில்தான் முதன்முறையாக உள்ளே நுழைந்தேன். அன்று பார்த்தது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கபரின் (சமாதியின்) மேல் பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். வாட்டசாட்டமான ஆள் ஒருவர் கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெண், காய்ச்சல் விடாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுப் பக்கம் வந்தார். பாதம் இருக்க வேண்டிய இடத்தில் துணியை விலக்காமலேயே குழந்தையின் நெற்றியை அழுத்தி வைத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அந்த இடத்தில் பாதம் இல்லை. 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்ட பிறகு தலையை வெட்டித் திருச்சிக்கு அனுப்பினார்கள். கைகால்களையும் வெட்டி ஊர் ஊராக அனுப்பினார்கள். இங்கே அடங்கியிருப்பது முண்டம் மட்டும்.

"இங்கே இருப்பது யார் தெரியுமா அம்மா?" என்று கேட்டேன்.

"பெரிய மகான் தம்பி. கேட்டதைக் கொடுப்பார்" என்றார்.

கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சிப்பாய்ப் படை முழுவதற்கும் கமாண்டண்டாக இருந்தவர் இந்தக் கான்சாகிப். அதே கும்பினியின் முகாமுக்கு எதிரிலேயே கலகக்காரன் என்று தூக்கில் தொங்கியவர். புதைத்த இடத்தின் மேல் 1808-இல் இந்தக் கட்டடம் எழும்பிவிட்டது. தீர்ப்பை யார் மாற்றி எழுதினார்கள்? உங்களுக்கு அவர் எங்கே எதிர்ப்பட்டார் என்று எழுதுங்கள்.

நெல்லைச்சீமை:

அண்ணாச்சி, மகான் என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை நெற்கட்டும்செவலுக்கு வந்துவிட்டுப் போங்கள்.

கல்லூரியில் படிக்கும்போது மதுரை நண்பன் ஒருவனை அங்கே அழைத்துப் போயிருந்தேன். டீக்கடையில் ஒரு பெரியவர் அந்த ஊர்ப் பாளையக்காரர் பூலித்தேவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மருதநாயகமும் வெள்ளைக்காரனை எதிர்த்தவர்தானே தாத்தா" என்றான். பெரியவர் பாதி குடித்த கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "வாருங்கள்" என்று கூப்பிட்டார். ஊருக்கு வெளியே ஒரு மண்மேட்டுக்குக் கூட்டிப்போய், குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினார். "கோட்டையில் மிச்சம் இதுதான். இதை இடித்தவன் யார் என்று உன் ஊரில் சொல்லித் தரவில்லையா?" என்றார். நண்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

1761. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் ஒரே படையெடுப்பில் விழுந்தன. பீரங்கி கும்பினியுடையது, அதைக் கொண்டுவந்து நிறுத்தியவர் யூசுப் கான். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு முடிவதற்குள் அவருக்கே ஆற்காட்டு நவாபோடு தகராறு வந்தது, உடனே அவரும் விடுதலை வீரர் ஆகிவிட்டார். பூலித்தேவர் வரி கட்ட மாட்டேன் என்று சொன்னபோது இவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கைகால் வெட்டுண்டதைச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் விழுந்த தலைகளுக்கு எந்தச் சாலையோரத்தில் கட்டடம் இருக்கிறது?

பழைய வழிகாட்டி:

மதுரையில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தேன். மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், இவற்றோடு வேலை முடிந்துவிடும். சம்மட்டிபுரத்துக்குப் போக வேண்டும் என்று தானாகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர்.

கதையை முழுக்கச் சொன்னேன். யூசுப் கான் இருந்த மதுரைக் கோட்டைமேல் கும்பினியும் நவாபும் போட்ட முற்றுகை 1763 செப்டம்பரில் தொடங்கியது, மழை வந்ததும் பின்வாங்கினார்கள், மறுபடி வந்து 1764 ஜூன் 26 அன்று கோட்டைமேல் ஏறப் பார்த்து அடிவாங்கித் திரும்பினார்கள், மேஜர் பிரஸ்டன் அதில் பட்ட காயத்தால் இறந்தார், கடைசியில் பட்டினி போட்டார்கள். அக்டோபர் 13 அன்று சொந்த ஆட்களே, அதாவது திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுக்காரன் மார்ஷாந்தும் சேர்ந்து, தொழுகையில் இருந்தவரைக் கட்டிப்போட்டு ஒப்படைத்தார்கள். 15-ஆம் தேதி மாலை தூக்கு. எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். பிறகு, "ராணுவ விசாரணை எங்கே நடந்தது?" என்றார்.

நடக்கவில்லை என்றேன்.

"விசாரணை இல்லாமலா? கமாண்டண்ட் பதவியில் இருந்தவரையா?" என்றார். கார் ஏறிய பிறகும் அதையே கேட்டார். நவாப் முகமது அலி தன் குடிமகன், தன் கலகக்காரன் என்று கேட்டார், ஆங்கிலேய அதிகாரிகள் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனதை என்னால் மறக்க முடியவில்லை. குற்றவாளியா இல்லையா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். முறை மீறப்பட்டது என்பதுதான் அவரைச் சுட்டது.

இதே மனிதர்மேல் இதற்கு முன்பும் துரோகக் குற்றச்சாட்டு வந்திருக்கிறது. திருச்சி முற்றுகைக் காலத்தில், நகரத்தை மைசூர்க்காரர்களிடம் ஒப்படைக்கத் திட்டமிட்டார் என்று ஒரு கடிதம் சிக்கியது. அப்போது முறையாக விசாரித்தார்கள். மேஜர் லாரன்சின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) பொன்னியப்பன் இட்டுக்கட்டிய கடிதம் அது என்று தெரிந்தது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். யூசுப் கான் பிழைத்தார், அவருக்குக் கும்பினி தங்கப் பதக்கமே கொடுத்தது. விசாரித்தபோது வீரர், விசாரிக்காதபோது துரோகி.

நெல்லைச்சீமை தம்பி, உங்கள் கோபத்தை மறுக்கவில்லை. ஆனால் அவரைத் தூக்கில் போட்டது பூலித்தேவருக்கு நியாயம் செய்வதற்காக அல்ல. அந்தக் கணக்கை இதில் சேர்க்காதீர்கள்.

நத்தம் மலைப்பாதை:

வழிகாட்டி ஐயா, விசாரணை இல்லை என்று ஆதங்கப்படுகிறீர்கள். நத்தம் காட்டில் எங்கள் ஆட்களை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தினாராம்?

1759-இல் மதுரைக்குத் திரும்பும் வழியில் காட்டுக்குள் பாதை வெட்டி, எதிர்ப்பட்ட கள்ளர்களையெல்லாம் சுட்டார், பிடிபட்டவர்களையும் கொன்றார். இது வெள்ளைக்காரர்கள் பெருமையாக எழுதிவைத்தது, நாங்கள் கட்டிய கதை அல்ல. என் தாய்மாமன் அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துச் சொன்னபோது வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் அத்தை கரண்டியோடு அப்படியே நின்றார். "எந்தக் காடு?" என்று மட்டும் கேட்டார். மாமா இடத்தைச் சொன்னார். அத்தை பிறந்த ஊர் அங்கேதான் இருக்கிறது. வேறு எதுவும் பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

எழுதத் தோன்றியது இவ்வளவுதான்.

கூத்துப் பார்க்கிறவள்:

யாரும் சண்டை போட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போடுங்கள். நான் கேட்டதையும் கேளுங்கள்.

கான்சாகிப் சண்டையைப் பற்றிய கதைப்பாடலின் ஒரு பகுதியை, கோயில் கொடை ஒன்றில் வயதான ஒரு பாட்டுக்காரர் பாடினார். பீரங்கி, குதிரை, கோட்டை என்று வரும்போது கூட்டம் கலகலவென்று இருந்தது. பிடிபடுகிற கட்டம் வந்தது. அவர் பாட்டை நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் மணிக்கட்டுகளில் தானே சுற்றிக்கொண்டார். ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். தலைப்பாகைத் துணியால்தான் கான்சாகிபைக் கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கட்டிய கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பாடாமல் நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நெல்லைச்சீமை, அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் உங்கள் பக்கத்து ஆட்கள்தான். பூலித்தேவரைக் கும்பிடுகிறவர்கள்தான். யாரும் எழுந்து போகவில்லை. பட்டாளத்தோடு வந்து ஊரை அழித்தவன் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். உப்பைத் தின்றவனே கட்டிப்போட்ட கதை என்று வரும்போது, கட்டுண்டவனின் பக்கம்தான் மனம் போகிறது. இது நியாயமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு மனிதனின் சாவு அவனுடைய வாழ்க்கையைக் கழுவிவிட அனுமதிக்கலாமா?

அவருடைய மனைவி மாசாவையும் சின்னப் பையனையும் பற்றி இந்த இழையில் ஒருவரும் எழுதவில்லை. கோட்டைக்குள் அவர்களும் பசியோடுதான் இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியன்:

மதுரை கான்சாமேட்டுத் தெருவில் ஒரு வாரிசுச் சான்று விசாரணைக்குப் போனேன். தெருப் பெயருக்குக் காரணம் கேட்டேன். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் வீட்டுக்காரர், "ஏதோ துணி வியாபாரி பெயர் சார்" என்றார். அந்தத் தெருவில் வைத்து இப்படி ஒரு பதிலைக் கேட்டது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். இறந்துபோன ஒரு ராணுவ அதிகாரியை எடைபோட வேண்டுமானால், முதலில் அவருடைய நிர்வாகத்தைப் பாருங்கள். வாளை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், கணக்குப் புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு ஆண்டுக்கு 7 லட்ச ரூபாய் குத்தகை தருகிறேன் என்று கும்பினியிடம் அவரே கேட்டார். ஒழுங்காக வசூலாகாத சீமைக்கு அப்படி ஒரு தொகையைச் சொல்ல வேண்டுமானால், கண்மாய் கரை எப்படி இருந்திருக்க வேண்டும், சந்தைக்கு வண்டி எப்படிப் போயிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். கோயில் நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார், மீனாட்சி அம்மன் கோயில் பூசைக்கு வழி செய்தார் என்பதையும் பாருங்கள். வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஊரே அவர் பெயரில் இருக்கிறது. அங்கே போய் வயல்களைப் பாருங்கள்.

இரண்டாவது, எதிரி சொல்வதைக் கேளுங்கள். அவர் இறந்து சுமார் இருபது ஆண்டு கழித்து இந்தப் பக்கம் படையோடு வந்த கர்னல் புல்லர்டன், அவருடைய நீதியில் யாரும் சந்தேகப்பட்டதில்லை, சொன்ன சொல் மாறியதில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த இந்திய வீரர்களிலேயே தைரியத்திலும் திறமையிலும் இவருக்கு ஈடில்லை என்று சர் ஜான் மால்கம் எழுதினார். தூக்கில் போட்ட அரசாங்கத்தின் ஆட்களே இப்படிச் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

மூன்றாவது, சாதியைக் கொண்டுவராதீர்கள். ராமநாதபுரம் பக்கத்துப் பனையூரில் பிறந்த மருதநாயகம் பிள்ளை என்று ஒரு கூட்டமும், கான்சாகிப் எங்கள் ஆள் என்று இன்னொரு கூட்டமும் பங்கு பிரிக்கப் பார்க்கின்றன. 1997-இல் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' சினிமாவுக்குப் பூசை போட்ட பிறகுதான் இந்தப் பங்குச்சண்டை பெரிதானது. அதற்கு முன் இரு தரப்பும் அவரை மறந்துதான் இருந்தன.

நான்காவது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சம்மட்டிபுரம் போங்கள், ஆனால் அதே வாரம் நெற்கட்டும்செவலுக்கும் போங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் அது பாடம் ஆகாது.

நெல்லைச்சீமை:

பெரியவரே, நான்காவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை ஒப்புக்கொள்ள முடியாது. புல்லர்டன் என்ன எழுதினால் எங்களுக்கு என்ன? வரி ஒழுங்காக வந்தது என்றால் அது வெள்ளைக்காரனுக்கு நல்ல நிர்வாகம். அந்த வரியைக் கொடுத்த சம்சாரியைக் கேட்டு எழுதினார்களா? வரி கேட்டு வந்த பீரங்கியைத்தான் எங்கள் ஊர் பார்த்தது. கூத்துப் பார்க்கிற அக்கா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது. எங்கள் ஆட்களே அழுதார்கள் என்கிறீர்கள். எந்த ஊர்க் கொடை என்று சொல்லுங்கள், அந்தப் பாட்டுக்காரர் இருக்கிறாரா என்று விசாரிக்கிறேன்.

காளவாசல்காரன்:

நான் மகான் என்று சொல்லவில்லை, அந்தப் பெண் சொன்னார். நெல்லைச்சீமை, நத்தம் இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மறுபடி அங்கே போனேன். யூசுப் கானைப் பற்றி உள்ளே இருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பூலித்தேவர் கோட்டை, நத்தம் காடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுக்கவே இல்லை. "பட்டாளத்து மனிதர், பாவமும் இருக்கும். அதனால்தான் தினமும் பாத்திஹா ஓதுகிறோம்" என்றார். பாவம் இல்லாதவருக்கு எதற்குத் துஆ என்றும் கேட்டார். இதற்கு நெல்லையில் இருந்து என்ன பதில் வரும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கூத்துப் பார்க்கிறவள்:

தம்பி, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே. ஊர்ப் பெயரைப் பொதுவில் போடவில்லை, தனியாக அனுப்புகிறேன். பாட்டுக்காரர் இருக்கிறார், கண் பார்வைதான் மங்கிவிட்டது. போனால் பூலித்தேவர் கதையையும் பாடச் சொல்லுங்கள். அதையும் அவர்தான் பாடுகிறார்.