மகளுக்கு ஆர்ஓடிசி உதவித்தொகை: கிரீன் கார்டு என்பதால் விண்ணப்பம் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

ராலே அப்பா:

வணக்கம். வட கரோலினாவில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்க இராணுவத்தின் நான்காண்டு ஆர்ஓடிசி (கல்லூரியில் படிக்கும்போதே அதிகாரிப் பயிற்சி தரும் திட்டம்) உதவித்தொகையில் படித்து அதிகாரி ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுடைய தாத்தா வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர். இரத்தம் எங்கே போகும்?

இரண்டு சிக்கல்கள். முதலாவது, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே இந்த உதவித்தொகை. நான் சென்ற ஆண்டு மார்ச்சில் குடியுரிமை பெற்றேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவள் கையில் இன்னும் கிரீன் கார்டுதான் இருக்கிறது. அதைத்தான் விண்ணப்பத்திலும் குறித்தோம், அத்தோடு அது நகரவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தரும் ஒருவரிடம் கேட்டேன். பதினெட்டு வயது முடிந்ததும் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்கட்டும் என்கிறார். அதற்குள் தேர்வுக் குழு கூடி முடிந்துவிடும்.

இரண்டாவது, பதினாலு வயதில் விடாத இருமலுக்கு ஒரு மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டோம். அதைச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் விடலாமா?

நியூஜெர்சி அக்கா:

தம்பி, உங்கள் மகள் ஏற்கெனவே அமெரிக்கக் குடிமகள். நீங்கள் உறுதிமொழி எடுத்த அன்றே அவளும் ஆகிவிட்டாள்.

2000-ஆம் ஆண்டுக் குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு நிறையாமல் இருந்து, கிரீன் கார்டோடு இங்கே உங்கள் பொறுப்பில் உங்களுடனேயே வசித்தால், பெற்றோரில் ஒருவர் குடிமகனானதும் பிள்ளைக்கும் குடியுரிமை தானாக வந்துவிடும். விண்ணப்பமும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். அவளுக்கு என்-400 என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் படிவக்காரரிடம் கொடுத்த பணம் போனது போகட்டும்.

உங்களிடம் இல்லாதது குடியுரிமை அல்ல, அதற்கான சான்று. சான்றுக்கு இரண்டு வழி உண்டு: என்-600 போட்டுச் சான்றிதழ் வாங்கலாம், அல்லது நேராகப் பாஸ்போர்ட் எடுக்கலாம். என்-600 செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம். இப்போதைக்குப் பாஸ்போர்ட்தான். டிஎஸ்-11 படிவம், உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், அவளுடைய கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், உங்களோடு வசிக்கிறாள் என்பதற்குப் பள்ளிப் பதிவு. விரைவுச் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு, கட்டிவிடுங்கள்.

என் மகனுக்கு எடுத்தபோது நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் வேறு. ஊரில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிட்டுப் பிறகு யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. மாமனார் நகராட்சிக்கு நான்கு நடை நடந்து பெயரைச் சேர்த்து அனுப்பினார். உங்கள் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். முன்னெழுத்தா, முழுப் பெயரா என்பதும் முக்கியம். பள்ளியில் ஒன்று, எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருந்தால் பின்னால் ஒவ்வொரு படிவத்திலும் விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய கேடட்:

அக்கா சொன்னது சரி. நான் இதே உதவித்தொகையில் படித்தவன், இப்போது ரிசர்வில் (பகுதிநேரச் சேமப் படையில்) இருக்கிறேன். இன்ஹேலர் பற்றிச் சொல்கிறேன்.

மறைக்கவே கூடாது. உடல்நல வரலாற்றுப் படிவத்தில் அவள் கையெழுத்திடுவாள். மருந்துக் கடைப் பதிவு எங்கேயாவது இருக்கும். பொய் சொன்னது தெரிந்தால் ஆஸ்துமா சின்ன விஷயமாகிவிடும்.

பாதுகாப்புத் துறையின் விதி இது: பதின்மூன்றாவது பிறந்த நாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் தகுதி இல்லை. அவளுக்கு அப்போது பதினாலு என்கிறீர்கள், அதனால்தான் கவனம் தேவை. ஆனால் இன்ஹேலர் வாங்கியவர் எல்லோரும் ஆஸ்துமாக்காரர் அல்லர். அந்த மருத்துவர் பதிவேட்டில் என்ன நோய் என்று எழுதினார்? மூச்சுக்குழாய் அழற்சி என்றா, ஆஸ்துமா என்றா? முதலில் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இராணுவ ஆர்ஓடிசியில் உதவித்தொகை கிடைத்த பிறகுதான் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை வரும். அதை நடத்துவது டாட்மெர்ப் என்ற மருத்துவ வாரியம். தகுதி, தகுதியின்மை, கூடுதல் விவரம் தேவை, இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. தகுதியில்லை என்று வந்தால் விலக்கு கொடுப்பதா என்பதை முடிவு செய்வது ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் கேடட் கமாண்ட், அதாவது இராணுவ ஆர்ஓடிசியை நடத்தும் தலைமையகம். வாரியத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. என் அறை நண்பனுக்குத் தகுதியின்மைக் கடிதம் வந்தது, அழுதே விட்டான். நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை முடிவு போன பிறகு விலக்கும் வந்தது. எல்லோருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன்.

பணக் கணக்கு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணத்துக்குப் பதிலாக விடுதி, உணவுச் செலவைக் கேட்டு வாங்கலாம். உள்ளூர் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணத்தைவிட விடுதிச் செலவே அதிகமாக இருப்பதுண்டு. பேனா எடுத்துக் கூட்டிப் பாருங்கள். எப்படியிருந்தாலும் புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலர், படிக்கும் மாதங்களில் கைச்செலவுக்கு மாதம் 420 டாலர் தனியாக வரும்.

ராலே அப்பா:

அக்கா, நேற்று இரவு தூங்கவே இல்லை. ஒன்றரை ஆண்டாக ஒரு குடிமகளைக் கிரீன் கார்டுக்காரி என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்! பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறது, தப்பித்தேன்.

கேடட் தம்பி, அவள் அம்மாவுக்கு ஒரு பயம். முதலாண்டு படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும்? பாஸ்போர்ட் வந்ததும் அவளுக்கு ஓசிஐ (விசா இல்லாமல் இந்தியா போய்வர வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) எடுக்கப் போகிறோம், அது தடையாகுமா?

பழைய கேடட்:

நான்காண்டு உதவித்தொகையில் முதலாண்டு முடிந்ததும் விலகினால் இராணுவத்தில் பணியாற்றும் கடமையும் இல்லை, பணமும் திருப்பித் தர வேண்டாம். இரண்டாம் ஆண்டு வகுப்பில் காலை வைத்தால் கணக்கு வேறு. மொத்தம் எட்டு ஆண்டுக் கடமை. பெரும்பாலும் நான்கு ஆண்டு முழுநேரப் பணி, மீதி ரிசர்வில். நடுவில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். அம்மாவிடம் இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுங்கள்.

ஓசிஐயைப் பற்றி நம் ஆட்கள் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. வெளிநாட்டு இராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கிடையாது என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் விதி. வாழ்நாள் முழுதும் ஊருக்கு விசா எடுத்துத்தான் போக வேண்டும். போன பொங்கலுக்கு நானும் அப்படித்தான் போனேன். அதிகாரிக்கு இரகசிய ஆவணப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்கான படிவத்தில் நெருங்கிய தொடர்பில் உள்ள வெளிநாட்டவர் விவரமும் கேட்பார்கள். தாத்தாவோடு வாரா வாரம் பேசுகிறாள் என்றால் அவர் பட்டாளத்தில் இருந்ததையும் சேர்த்து எழுதட்டும். அதனால் மட்டும் யாரையும் தள்ளிவிடுவதில்லை.

ராலே அப்பா:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. குடியுரிமை விவரத்தைத் திருத்தியதும் விண்ணப்பம் நகர்ந்தது. இருமல் பதிவேட்டில் மூச்சுக்குழாய் அழற்சி என்றுதான் இருக்கிறது, நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நேர்காணல் அடுத்த புதன். தண்டால் நன்றாக எடுக்கிறாள், ஒரு மைல் ஓட்டத்தில்தான் இன்னும் மூச்சு வாங்குகிறது.

ஓசிஐ விஷயத்தைத் தாத்தாவிடம் அவளே தொலைபேசியில் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஓட்டத்துக்கு என்ன ஷூ போடுகிறாய் என்று கேட்டார்.